ஐந்தரை அடிப் பேய்

செவ்வாயும் வெள்ளியும் காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகிற ஷேர் ஆட்டோவில் உங்களுக்கு இடம் கிடைக்காது. விடியும்போதே பேய்கள் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு பேய்க்கு ஒரு சீட்டு, அதைப் பிடித்துக்கொண்டு வரும் சொந்தக்காரர்களுக்கு மூன்று சீட்டு. மீதி இடத்தில் தேங்காய், எலுமிச்சை, வாழைத்தார். வேலைக்குப் போகிற மனிதன் நடந்து போகவேண்டியதுதான்.

எல்லாம் நூலளவுச் சித்தரைப் பார்க்கத்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இவர் பெயர் கலியன். நூல் கடையில் பட்டு நூல் கட்டுகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருநாள் கனவில் ஏதோ வந்தது என்றார், தாடி விட்டார், காலியாகக் கிடந்த ஒரு தறிக்கொட்டகையை வாடகைக்கு எடுத்தார். அவ்வளவுதான், சித்தர் ரெடி.

வைத்தியம் ரொம்ப எளிது. பேய் பிடித்தவரைச் சுவரோரம் நிறுத்தி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பட்டு நூலால் அளந்து அறுப்பார்கள். சித்தர் விரலைத் தீர்த்தத்தில் நனைத்துக்கொண்டு, அந்த நூலை ஒரு நீளப் பலகைமேல் இழுத்துப் பிடித்துக் கோடு போடுவார். கண்ணை மூடி மந்திரம் சொல்வார். மறுபடி அதே நூலை அதே பலகையில் வைப்பார். அடேயப்பா! நூல் குறைந்திருக்கும். குறைந்த நீளத்தை ஆளின் உயரத்திலிருந்து பேய் சாப்பிட்டுவிட்டதாம். எத்தனை விரற்கடை, அதாவது விரல் அகலம், குறைந்ததோ அதை வைத்துப் பேயின் வகை. இரண்டு குறைந்தால் குட்டிச்சாத்தான். நான்கு குறைந்தால் முனி. ஆறு குறைந்தால் மோகினி. நேரில் வரமுடியாத முரட்டுக் கேஸ் என்றால், ஆளை அளந்த நூலை மட்டும் கொண்டுவந்தாலும் போதும். வீட்டிலிருந்தபடியே பேய்ப் பரிசோதனை.

"நூலு பொய் சொல்லாதுபா" என்பார் சித்தர். இதை வேறு எந்த ஊரில் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். காஞ்சிபுரத்தில் சொன்னார். பொறந்ததிலிருந்து நூலைத் தொட்டே பிழைக்கிற ஜனம், ஆமாம் ஆமாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மோகினிக்குப் பரிகாரம் பட்டுப்புடவை. சாதாரணப் புடவை ஆகாது, முகூர்த்தப் பட்டு. அதைச் சித்தரே திருமுக்கூடலுக்கு எடுத்துப்போய் மூன்று ஆறும் சேருகிற இடத்தில் விடுவாராம். கூலிக்காரர் வீட்டுக்கு வருவதெல்லாம் குட்டிச்சாத்தான். சொந்தத் தறி வைத்திருக்கும் வீட்டுக்கு வருவதெல்லாம் மோகினி. பேய்க்கும் வசதி பார்க்கத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பேய்ப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்த பாவி நான்தான். பெயர் விமல்ராஜ். பிள்ளையார்பாளையத்தில் பிளக்ஸ் கடை. முதல் பதிப்பில் பேய்கள் ஒன்பது வகை. இரண்டாவதில் பதினெட்டு. போன மாதம் மூன்றாம் பதிப்புக்கு வந்தபோது இருபத்தேழு. நின்ற முனி, நடந்த முனி, உச்சி முனி, மோகினியில் மட்டும் ஒன்பது உட்பிரிவு.

"பேய்ங்க ஜாஸ்தியாயிடுச்சா சாமி?" என்று கேட்டேன்.

"பேய் அதேதான் தம்பி. ஆராய்ச்சி ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்.

நான் எழுத்துப்பிழை திருத்தி, அவர் படத்தைச் சிரித்த முகமாக மேலே போட்டு, ஐந்தரை அடி உயரத்தில் சட்டம் அடித்து, அவர் எடுத்துப்போகக் கடை வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். கூடவே சீட்டுப் புத்தகமும் அடித்தேன். நோயாளி பெயர், பேய் வகை, பரிகாரம் என்று கட்டம் கட்டி, கீழே முத்திரைக்கு இடம் விட்டு. வெட்கமாக இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது. ஆனால் கடை வாடகை வெட்கத்தைக் கேட்டா வருகிறது?

என் கடைக்கு எதிர்வீடு கதிர்வேலுடையது. இருபத்தேழு வயது. நல்ல நெசவாளி, கோர்வை போட்டால் புடவையின் உடலும் கரையும் சேர்ந்த இடம் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு பேருண்ணா" என்பான் என்னிடம். "நான் தறியில உக்காந்தா, 'உக்காந்துட்டான் பாரு'ம்பான் ஒருத்தன். 'இழைய அறுக்கப் போறான்'ம்பான் இன்னொருத்தன். கிரிக்கெட்டுக்கு கமெண்ட்ரி சொல்லிக்கினு இருக்கிற மாதிரி." அப்புறம் எதிர்க்கடை பிளக்ஸ் மிஷின் தன்னை உளவு பார்ப்பதாக ஒரு மாதம் என் கடைப் பக்கமே திரும்பவில்லை. குளிப்பது நின்றது, தறி நின்றது. அவன் அம்மா அம்சவேணியக்கா பகலெல்லாம் அழுதுகொண்டு நூல் இழைப்பார்கள்.

நான்தான் அவர்கள் இருவரையும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மனநல டாக்டர் பெயர் தீபிகா. சின்ன வயசு. நூலும் இல்லை, பலகையும் இல்லை. கேள்வி, கேள்வி, கேள்வி. எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, கஞ்சா பழக்கம் உண்டா, தலையில் அடிபட்டதா, ஜுரம் வந்ததா. கதிரிடம் தனியாக, அக்காவிடம் தனியாக, என்னிடமும் தனியாக. இரத்தம் எடுத்தார்கள்.

"இரத்தத்துல தெரிஞ்சிடுமா டாக்டர்?" என்றேன்.

"இந்த நோய் இரத்தத்துல தெரியாதுங்க. வேற எதாலயாவது இப்படி ஆகுதான்னு பாத்து அதையெல்லாம் கழிக்கத்தான். எவ்வளவு நாளா இருக்குதுங்கறதும் முக்கியம். ஒரு வாரக் குழப்பத்தை வெச்சுப் பேர் சூட்ட முடியாது, ஆறு மாசக் கணக்கு பாக்கணும். மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிக்கலாம். பேரு அப்புறம்."

மூன்றாவது தடவைதான் பெயரைச் சொன்னார்: ஸ்கிசோஃப்ரீனியா, மனச்சிதைவு.

"என்ன வகைங்க?" என்று கேட்டேன். பட்டியல் அடித்த புத்தி எங்கே போகும்!

டாக்டர் சிரித்தார். "முன்னாடி அஞ்சு வகைன்னு பிரிச்சு வெச்சிருந்தாங்க. ஒரே ஆளை ஒரு டாக்டர் ஒரு வகைம்பார், இன்னொருத்தர் வேற வகைம்பார். அடுத்த வருஷம் அதே ஆளு மூணாவது வகையில இருப்பார். வைத்தியத்துக்கும் பெரிசா உதவல. அதனால பட்டியல்லேர்ந்தே எடுத்துட்டாங்க, பத்து வருஷத்துக்கு மேல ஆகுது."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கதிர் தலையைத் தூக்கினான். "லிஸ்ட்டு சரியில்லன்னு எப்படி டாக்டர் தெரிஞ்சுக்கிறது?"

"ஒரே ஆளை ரெண்டு பேர் தனித்தனியா பாக்கணும், பேசி வெச்சுக்கக் கூடாது. பதில் ஒண்ணா வரணும். வரலைன்னா கோளாறு ஆளுகிட்ட இல்ல, லிஸ்ட்டுலதான்."

மாத்திரை வேலை செய்தது. ஒரே நாளில் இல்லை, மெதுவாக. குரல்கள் ஒரேயடியாக ஓடிவிடவில்லை, பக்கத்துத் தெருவுக்குக் குடிபோன மாதிரி தூரமாகிவிட்டன என்றான். எட்டு மாதத்தில் தறியில் உட்கார்ந்தான். அரக்கு உடல், மாம்பழக் கலர் கரை, ஒரு முகூர்த்தப் புடவையை ஆரம்பித்தான். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தப் புடவை பாதி வளர்ந்தபோது அம்சவேணியக்காவை யாரோ ஐயம்பேட்டைக்கு அழைத்துப் போனார்கள். வேறென்ன, ஆறு விரற்கடை! மோகினி. பரிகாரம், தறியில் இருக்கிற அதே புடவை. மாத்திரை சாப்பிட்டால் மோகினிக்குக் கோபம் வருமாம், உடனே நிறுத்தவேண்டும். மறுவாரம் வெள்ளிக்கிழமை நெய்து முடித்த புடவையோடு வந்து, அப்படியே திருமுக்கூடல் ஆற்றங்கரையில் சித்தர் போட்டிருக்கும் கொட்டகையில் நாற்பத்தெட்டு நாள் தங்கவேண்டும். அக்கா மாத்திரை டப்பாவை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நேராக எதிர்வீட்டுக்குள் போய்விட்டேன். "ஏன்க்கா, உனக்கு அறிவில்ல? நல்லா இருக்கிற புள்ளைய ஏன் கெடுக்கிற?"

அக்கா அழவில்லை. நிதானமாகத்தான் பேசினார்கள். "அந்த டாக்டரம்மா நல்லவங்கதான் விமலு. ஏன் வந்துச்சுன்னு கேட்டேன், சரியா சொல்லத் தெரியலம்மா, பல காரணம் இருக்கலாம்னாங்க. சாமி ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாரு, ஏனாத்தூர் ரோட்டுல புளியமரத்தாண்ட புடிச்சுதுன்னு. பேய்னா ஓட்டிடலாம்பா. வியாதின்னா பேரு ஒட்டிக்கும். நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

என் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. ஊர் அப்படித்தானே இருக்கிறது. பேய் பிடித்தவன் என்றால் பாவம் என்கிறது, மாத்திரை சாப்பிடுகிறவன் என்றால் பைத்தியம் என்கிறது.

திங்கட்கிழமை காலை கதிர் கடைக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. "மாத்திரை விட்டு அஞ்சு நாளாவுதுண்ணா. கமெண்ட்ரிக்காரனுங்க நம்ம தெருவுக்கே திரும்பி வந்துட்டானுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எதாவது பண்ணணும். அப்புறம் எனக்கே எது நிஜம்னு தெரியாம போயிடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடா, வேற மாத்திரை வாங்கிடலாம்."

"இன்னிக்கே போலாம். ஆனா அம்மா அதையும் புடுங்கி ஒளிச்சு வெப்பாங்க. அம்மா மனசு மாறணும்ணா." சொல்லிக்கொண்டே வாசலில் இருந்த பிளக்ஸ் போர்டைப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான். "டாக்டர் சொன்னாங்களே, ஒரே ஆளு, தனித்தனியா. இந்த ஆளு எத்தினி அடிண்ணா?"

"ஐந்தரை."

தன் தறி நூலிலிருந்தே அந்த போர்டின் உயரத்துக்கு மூன்று பட்டு இழைகளை அளந்து அறுத்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போய் மாத்திரையை மறுபடி வாங்கி, என் கடையிலேயே வைத்துக்கொண்டோம். மறுநாள் செவ்வாய். முதல் நூலை என் மனைவி புவனேஸ்வரி எடுத்துப்போனாள், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கழுத்து நிறைய நகையோடு. "சாமி, என் தம்பி கமல், வயசு இருபத்தி நாலு, வீட்ட விட்டு வரமாட்டேங்கிறான்." சீட்டு வந்தது: மோகினி, ஆறு விரற்கடை, கல்யாணம் தள்ளிப்போகும், முகூர்த்தப் பட்டு ஒன்று.

இரண்டாவது நூலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிற டேனியல் கொண்டுபோனான், எண்ணெய்ப் பிசுக்குச் சட்டையோடு. "சாமி, எங்க சித்தி பெரியநாயகி, ஐம்பது வயசு." சீட்டு வந்தது: குட்டிச்சாத்தான், இரண்டு விரற்கடை, மூட்டுவலி இருக்கும், ஒரு கோழி.

என் போர்டுக்கு மூட்டுவலி! சட்டத்தின் நாலு மூலையிலும் ஆணி அடித்தது நான்தானே, எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை. கொட்டகையில் முந்நூறு பேர். ஒரு பக்கம் சாம்பிராணிப் புகை, ஒரு பக்கம் உடுக்கைச் சத்தம் ஒலிபெருக்கியில். முன்வரிசையில் அம்சவேணியக்கா மடியில் புடவை மடிப்போடு, கையில் மகனின் துணிப்பையோடு. கதிர் முறை வந்தது. நேராக எழுந்து போனான்.

"சாமி, எனக்கு முன்னாடி, ரொம்ப முத்திப்போன கேஸு ஒண்ணு. நூலு கொண்டாந்திருக்கேன். அத முதல்ல பாருங்க."

சித்தர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். விரலை நனைத்தார், நூலை இழுத்தார், கோடு போட்டார், கண்ணை மூடினார். "ஆளு சாப்பிடறாரா?"

"ஒரு வாய் சாப்பிட்டதில்ல சாமி."

கூட்டம் உச்சுக்கொட்டியது.

"தூக்கம்?"

"படுக்கறதே இல்ல. வெயில்லயும் மழையிலயும் நின்னுக்கினே இருக்காரு."

"பேசறாரா?"

"வாயத் திறக்கல சாமி. ஆனா சிரிச்சுக்கினே இருக்காரு. உடம்பெல்லாம் எழுத்து எழுத்தா இருக்குது."

பின்னால் ஒரு பெண் "ஐயய்யோ" என்று கத்தினாள். சித்தருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நூலை மறுபடி பலகையில் வைத்தார். நாலு விரற்கடை! "முனி! நின்ற முனி! நூறு வருஷத்து முனி! எங்கடா இருக்கான் அவன்?"

"வெளிய ஆட்டோல கட்டி வெச்சிருக்குது சாமி. கொண்டாரட்டுமா?"

"கொண்டாடா! இன்னிக்கு ஒரு கை பாக்கறேன்!"

நானும் டேனியலும் தூக்கிக்கொண்டு வந்தோம். போர்வை சுற்றி, தாம்புக்கயிறு கட்டி, செங்குத்தாக. கூட்டம் அலறிக்கொண்டு வழி விட்டது. ஒரு ஆள் தூணில் ஏறிவிட்டார், பொய்யில்லை. சித்தர் வேப்பிலையை ஓங்கிக்கொண்டு "அவுருடா!" என்றார். அவிழ்த்தேன்.

உள்ளே அவரே நின்றார். தாடியோடு, சிரித்த முகமாக, கீழே இருபத்தேழு பேய்களோடு.

கதிர் செவ்வாய்க்கிழமை வந்த இரண்டு சீட்டையும் காட்டி, சித்தர் இப்போது சொன்ன வாக்கையும் சேர்த்து ஒவ்வொன்றாகச் சொன்னான். "இந்த போர்டைத்தான் மூணு நூலாலயும் அளந்தோம். செவ்வாக்கெழம மோகினி. அப்பவே அடுத்த டோக்கன்ல குட்டிச்சாத்தான். இன்னிக்கு முனி. நூலு பொய் சொல்லாதுன்னீங்களே சாமி, இதுல எது நெசம்?"

சித்தர் சாதாரண ஆளா? உடனே பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா! மூணு பேயும் இந்த போர்டுக்குள்ள பூந்துக்கினு இருக்குது!"

நம்ம ஜனத்தை என்ன சொல்ல! பாதிப்பேர் போர்டைக் கும்பிட்டார்கள்.

"மூணும் சாப்பிட்டிருந்தா போர்டு குறையணுமே" என்றான் கதிர். "விமலண்ணா, டேப்பு."

என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற இரும்பு டேப்பை எடுத்து எல்லார் முன்னாலும் அளந்தேன். ஐந்தரை அடி. ஒரு நூலிழைகூடக் குறையவில்லை.

"இந்தப் பையன் பைத்தியம்! ஆஸ்பத்திரியில மாத்திரை திங்கிறவன்! இவன் பேச்சைக் கேக்காதீங்க!" சித்தர் கத்தினார்.

இத்தனை பேர் நடுவில் இந்த ஆள் போட்டு உடைத்துவிட்டாரே. கதிர் ஒருகணம் கண்ணை மூடித் திறந்தான்.

"ஆமா, சாப்பிடறேன். இப்பக்கூட காதுல ஒருத்தன், 'மாட்டிக்கினான் பாரு'ன்னு சொல்லிக்கினுதான் இருக்கான். அவன் சொல்றான்னு அதை நான் நம்பல. நீங்க சொல்றீங்கன்னும் நம்பல. அளந்து பாத்துக்கிறேன்." பலகையிலிருந்த நூலை எடுத்து அம்சவேணியக்கா கையில் கொடுத்தான். "நீயே பாரும்மா."

முப்பத்தைந்து வருஷமாக நூல் இழைத்த விரல். அக்கா அந்த இழையை இரண்டு கையிலும் பிடித்தார்கள். ஈரத்தைத் தடவிப் பார்த்தார்கள். இழுத்தார்கள். பலகையில் கோடு வரைக்கும் வந்தது. விட்டார்கள். நாலு விரற்கடை சுருங்கியது. கொஞ்சம் பலமாக இழுத்து விட்டார்கள். ஆறு விரற்கடை, மோகினி. மெல்ல இழுத்து விட்டார்கள். இரண்டு, குட்டிச்சாத்தான்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்கள். "அடப்பாவி! இழுத்தா நீளும், வுட்டா சுருங்கும். பட்டுன்னா அப்படித்தானேடா இருக்கும்! தெனம் என் கையில நடக்கறது. இங்க வந்து மட்டும் எனக்கு எப்படிடா மறந்துபோச்சு?"

அதற்கப்புறம் கூட்டத்தில் பெண்கள் சும்மா இருப்பார்களா? திரைக்குப் பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார்கள். திருமுக்கூடலில் ஆற்றோடு போன புடவையெல்லாம் அந்துருண்டை வாசனையோடு அடுக்கி இருந்தன. பெயர் எழுதவில்லை, தேவையும் இல்லை. "இது என் தறி", "இந்தக் கரை நான் போட்டது" என்று அவரவர் கைநெசவை அவரவர் அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டார்கள். சித்தர் பின்பக்க ஓலையைப் பிரித்துக்கொண்டு போனதை டேனியல் பார்த்தானாம். குனிந்துகொண்டு ஓடியதால் அவர் உயரம் ஒரு இரண்டு அடி குறைந்திருந்தது என்கிறான். வகை என்னவென்று பட்டியலில்தான் பார்க்கவேண்டும்.

மாத்திரை டப்பா அரிசிப்பானைக்குள் இருந்தது. அக்காவே எடுத்து, தண்ணீர் டம்ளரோடு மகன் கையில் கொடுத்தார்கள். "பேரு ஒட்டினா ஒட்டிட்டுப் போவுது. அந்தப் பேருக்கு பயந்து ஓடுற பொண்ணு நமக்கு எதுக்குடா?" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லக்கூடாது. தீபிகா டாக்டர் மட்டும் இரண்டு பேரையும் திட்டினார், மாத்திரையை இனி யார் சொன்னாலும் தன்னைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று.

நானும் ஒரு காரியம் செய்தேன். மூன்றாம் பதிப்பைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு எந்தெந்த நாள், எத்தனை மணி என்று அடித்துக் கடை வாசலில் நிறுத்திவிட்டேன். காசு வாங்கவில்லை, பாவத்தைக் கழித்துக்கொண்டேன்.

இத்தோடு ஊர் திருந்தியது என்று நினைத்தீர்களா? அடுத்த செவ்வாய் பதினேழு பேர் ஐயம்பேட்டைக்குப் போயிருக்கிறார்கள். கொட்டகை பூட்டியிருந்தது. பூட்டுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பினார்களாம்.

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் முந்நூறு பேர் இருந்தோம். அதில் மூளைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் ஒரே ஒருவன். மூளையை வைத்து யோசித்தவனும் அந்த ஒருவன்தான். மூளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிற மீதிப் பேரெல்லாம் அதை எந்த பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம் என்று கொஞ்சம் தேடிப் பார்ப்போமா?